பிளாக் தாங்கும்

வாங்க அம்மணி, உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், ஆயில் ஒட்டிக்கும். இந்தச் சேர்ல உக்காருங்க. என்ற சம்சாரம் வசந்தாமணி வர்றதுக்கு இன்னும் நேரமாகும். தடாகம் ரோட்டுல ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு டீசல் இன்ஜின் பிளாக் இறக்கப் போயிருக்கறா. நீங்க பத்திரிகையில இருந்து வர்றீங்கன்னு நேத்தே சொல்லிட்டா. பேட்டி அவளைத்தான்னும் சொல்லிட்டா. எனக்கு அதுல ஒண்ணும் இல்லீங்க.

இதுக்கு முன்னாடியும் ஆளுக வந்தாங்க. ஒரு டிவிக்காரரு வந்தாரு. எல்லாரும் என்ன பண்றாங்கன்னா, அவளை அந்த வெள்ளை ரேஸ் வண்டி மேல சாய்ஞ்சு நிக்கச் சொல்லிப் படம் எடுக்கறாங்க. பானெட்டை மூடி வெச்சு எடுக்கறாங்க. அதைத்தான் நான் சொல்றேன். வண்டின்னா என்னங்க? தகரம். ஓடறது உள்ள இருக்கறதுதானே. அந்த டிவிக்காரரு கிட்ட, "சார், பானெட்டைத் தொறக்கட்டுங்களா"ன்னு கேட்டேன். "வெளிச்சம் மறைக்குது, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க"ன்னுட்டாரு.

சரி. அவ வர்ற வரைக்கும் நான் சொல்றேன். உங்களுக்கும் பொழுது போகோணுமில்ல.

என்ற பேரு குழந்தைவேலு. இங்க ஆவாரம்பாளையத்துல இன்ஜின் பிளாக்குல சிலிண்டர் ஓட்டையைக் கடைஞ்சு போர் பண்றதுன்னா என்னைத்தான் சொல்லுவாங்க. அதாவது, சொல்லீட்டு இருந்தாங்க. வாசல்ல போர்டுல அவ பேரு இருக்குதேன்னு நீங்க பாத்திருப்பீங்க. அது அவ ரேசுல கப்பு வாங்கினப்புறம் அஸ்வத் தம்பி கொண்டாந்து மாட்டினது. மாட்டறப்ப நான்தான் ஏணியைப் பிடிச்சேன்.

அஸ்வத் தம்பி யாருன்னு சொல்லிடறேன். ஸ்பின்னிங் மில்லுக்காரரு பையன். கார்ப் பைத்தியம். அவிய அப்பா அவன் மில்லுல பருத்தி பாத்துட்டு இருக்கறான்னு நெனைச்சுட்டு இருப்பாரு, இவன் இங்க எங்கூட உக்காந்து பிஸ்டன் பாத்துட்டு இருப்பான். நல்ல பையன். ஒரு நாள் ஒரு நாலு சிலிண்டர் இன்ஜினைக் கொண்டாந்து இறக்கினான். வேற ஊருல யாரோ அதுக்குப் பெரிய டர்போ வெச்சுக் குடுத்திருக்காங்க. டிராக்குல ஓட்டிப் பாக்கறப்பவே சிலிண்டர் சுவரு பொளந்துக்கிச்சு. தண்ணி ஆயில்ல எறங்கி, உள்ளாற பூராவும் பால் காப்பி மாதிரி இருந்துச்சு. "ங்ணா, இதை உங்களால சரி பண்ண முடியுமா"ன்னான். "இதைத் தூக்கி எடைக்குப் போடு, வேற பிளாக் கொண்டா"ன்னேன்.

டர்போன்னா என்னன்னு சுருக்கமாச் சொல்லிடறேன் அம்மணி, இல்லாட்டி நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியாது. சாதாரண இன்ஜின் நம்மளை மாதிரி தானா மூச்சு இழுக்கும். டர்போ வெச்சா, டயருக்குக் காத்தடிக்கிற மாதிரி காத்தை உள்ள திணிக்கும். காத்து கூடப் போனா பெட்ரோலும் கூடப் போகும், உள்ள வெடிக்கறதும் பெரிசா வெடிக்கும். வண்டி பறக்கும். ஆனா அத்தனை வெடியையும் தாங்கீட்டு நிக்கறது யாரு? பிளாக்கு. பிஸ்டன் போயிட்டு வந்துட்டு இருக்கும், கிராங்க் சுத்தீட்டு இருக்கும், எல்லாத்துக்கும் ஒரு ஆட்டம் உண்டு. பிளாக் மட்டும் ஆடக் கூடாது. ஆடாம நிக்கறதுதான் அதுக்கு வேலை. ஆடாம நிக்கறதை யாரு படம் எடுப்பாங்க, சொல்லுங்க.

அஸ்வத் தம்பி முப்பது பவுண்டு காத்து கேட்டான். நம்ம கார் டயருக்கு அடிக்கிற அளவு. டயருக்கு அது சாதாரணம். இன்ஜினுக்குள்ள அது நெம்பப் பெரிசு. செய்யறேன்னேன்.

எப்படிச் செஞ்சேன்னு கேளுங்க. மொதல்ல அவன் கொண்டாந்த வேற பிளாக்கைக் கழுவி, சாயம் பூசி, தொடைச்சு, எங்கியாச்சும் மயிரிழை விரிசல் இருக்குதான்னு பாத்தேன். பழைய சுவரைக் கடைஞ்சு எடுத்துட்டு, ஸ்லீவுன்னு தடிச்ச இரும்புக் குழாயை உள்ள இறக்கினேன். அடியில கிராங்கைப் பிடிச்சு வெச்சிருக்கற கேப்பு இருக்குது பாருங்க, அது தனித்தனியா இருந்தா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும். அது எல்லாத்தையும் ஒரே ஸ்டீல் தகட்டுல சேத்துக் கட்டினேன். ஒண்ணு ஆடோணும்னா எல்லாம் ஆடோணும்.

அப்புறம் ஹோனிங், சிலிண்டர் சுவரை உள்ளாற சன்னமாத் தேய்க்கறது. இதுல ஒரு சூட்சுமம் இருக்குதுங்க. மேல மூடி மாதிரி வர்ற ஹெட்டை மாட்டி போல்ட்டை முறுக்கினா, கீழ இருக்கற வட்டம் கொஞ்சம் கோணிக்கும். கண்ணுக்குத் தெரியாது. அதனால ஹெட்டுக்குப் பதிலா ஒரு தடிச்ச தகட்டை அதே மாதிரி முறுக்கி வெச்சு, கோணின நெலமையிலயே வட்டமாத் தேய்க்கோணும். தகட்டைக் கழட்டினா வட்டம் கெட்டுப் போகும். மறுபடி முறுக்கினா சரியாயிரும். இதை வசந்தாமணிகிட்டச் சொன்னேன். அவ டீ கொண்டாந்து வெச்சுட்டு நின்னு கேட்டா. "அப்போ முறுக்கி வெச்சாத்தான் ஒழுங்கா இருக்கும்னு இருக்கறது இரும்புலயும் உண்டாட்ட"ன்னா. எதைச் சொன்னான்னு தெரியலீங்க. நான் வேலையைப் பாத்தேன்.

கடைசியாத்தான் சிமெண்டு. சிரிக்காதீங்க. தண்ணி ஓடற வழியில கீழ்ப்பாதியை அடைச்சறோணும். அப்பத்தான் சிலிண்டர் சுவரு விரியாது. பெரிய மிஷினுக்கு அடியில ஊத்துவாங்களே, சுருங்காத கலவை, அதை ஊத்தோணும். நான் கலக்கினேன். கெட்டியா இருந்துச்சு. அவ பாத்துட்டு, இது கீழ வரைக்கும் எறங்காதுங்க, நடுவுல காத்து நிக்கும்னா. நானும் அதையேதான் நெனைச்சுட்டு இருந்தேன். தண்ணி சேத்தேன். நான் ஊத்த ஊத்த அவ ரப்பர் சுத்தியில பிளாக்கைச் சுத்தித் தட்டீட்டே இருந்தா, காத்துக் குமிழ் மேல வர்றதுக்கு. அவ தட்டினா, அவ்வளவுதான். ஊத்தினது நான்.

இன்ஜினைக் கட்டி முடிச்சு வண்டியில ஏத்தியாச்சு. ஓட்டறதுக்கு அஸ்வத் தம்பி பெங்களூர்ல ஒரு டிரைவரை ஏற்பாடு பண்ணியிருந்தான். அந்த ஆள் ஷட்டில் காக் ஆடப் போயிக் கையை உடைச்சுக்கிட்டான். சரி, நானே ஓட்டறேன்னு தம்பியே உக்காந்தான். பழகிப் பாக்கற அன்னிக்கு டிராக்குக்கு நாங்க எல்லாரும் போயிருந்தோம். வசந்தாமணி நம்ம குட்டி யானை லோடு வண்டியில ஸ்பேர் கிளட்சு, ஜாக்கி, டூல்ஸ் எல்லாம் ஏத்தீட்டு வந்திருந்தா. நம்ம டிரைவர் சொல்லாமக் கொள்ளாம நின்னுட்டப்ப அவளாப் பழகினதுங்க வண்டி. அன்னிலிருந்து கோயமுத்தூர் பூராவும் பிளாக் கொண்டு போயி இறக்கறது அவதான்.

தம்பி ஓட்டினா ஒவ்வொரு தடவையும் டயரு சுத்துது. புகை வருது. வண்டி நின்ன இடத்துலயே நிக்குது. மாத்தி மாத்திப் பாத்தான், கிளட்சு நாத்தம் வந்திருச்சு. உள்ள அப்படி ஒரு பிளாக்கை வெச்சுக்கிட்டு, வெளிய புகை விட்டுட்டு இருக்கறான்.

வசந்தாமணி எங்கிட்ட வந்து, "ஏனுங்க, நான் ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டுங்களா"ன்னா. வேண்டாம்னேன். வேண்டாம்னா வேண்டாம்தானே? அவ நேரா அஸ்வத் தம்பிகிட்டப் போயி, "தம்பி, ஒருக்கா ஓட்டிப் பாக்கறனுங்க"ன்னா. அவன் வெறுத்துப் போயி இருந்தான், ஹெல்மெட்டைக் கழட்டிக் குடுத்துட்டான். "பாத்து ஓட்டுங்கக்கா"ன்னான்.

சேலை மேல போட்டிருந்த ஒர்க்‌ஷாப் சட்டையோட ஏறி உக்காந்தா. உக்காந்து, சீட்டை முன்னால இழுத்துக்கிட்டா. கிளட்சைக் கொஞ்சம் விட்டு விட்டுப் பாத்தா. அப்புறம் போயிட்டா. டயரு கத்தவே இல்லீங்க. ஒரு மாதிரி அமுங்கி, எழும்பி, போயே போயிட்டா. அஸ்வத் தம்பி நேரத்தைப் பாத்துட்டு எங்கிட்டக் காட்டினான். அன்னிக்கு அங்க ஓடின எந்த வண்டியும் அத்தனை கொறைஞ்ச நேரத்துல ஓடல.

அதுக்குக் காரணம் என்னன்னா, அதுக்குள்ள இன்ஜின் நல்லாச் சூடாயிருச்சு. பிளாக் சீரான சூட்டுக்கு வந்துட்டா ஒரு குணம் வரும். தம்பிகிட்டச் சொன்னேன். அவன் கேட்ட மாதிரித் தெரியல. "அக்கா, எப்படிக்கா"ன்னு அவகிட்டக் கேட்டுட்டு இருந்தான். அவ என்ன சொன்னா தெரியுங்களா? பின்னாடி கட்டாத பிளாக் ரெண்டு மூணு கெடக்கறப்ப வண்டியை வெடுக்குன்னு எடுத்தா கதவை ஒடைச்சுட்டு ரோட்டுல விழுந்திரும், அப்படிப் பழக்கம்னா. டிராக்குல விளக்கு பச்சைக்கு மாறறப்ப எப்படிச் சரியா எடுக்கறீங்கன்னு தம்பி கேட்டதுக்கு, "காந்திபுரம் சிக்னல்ல பச்சை வந்தப்புறம் எடுத்தா அதுக்குள்ள பின்னாடி நாலு பேரு ஹாரன் அடிச்சிருப்பாங்க தம்பி"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. பிளாக்கைப் பத்தி ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல.

அப்புறமேட்டு அவளேதான் டிரைவருன்னு ஆயிப் போச்சு. லைசென்சு, ஹெல்மெட்டு, தீப்பிடிக்காத சட்டை பேண்டு எல்லாம் தம்பி ஏற்பாடு பண்ணினான். அந்தச் சட்டை ஆம்பளைக்கு அளவெடுத்ததுங்க. நம்ம தெரு டெய்லரு கிட்டக் குடுத்தா தைக்க மாட்டேன்னுட்டாரு, ஊசி எறங்கலையாம். அவளே உக்காந்து மடிச்சுத் தைச்சுக்கிட்டா.

ஒறம்பரை சொந்தமெல்லாம் பேச ஆரம்பிச்சாங்க. ஒரு சீருக்குப் போயிருந்தப்ப எங்க பெரியண்ணன் எல்லாருக்கும் முன்னால கேட்டாரு, என்னடா குழந்தை, பொண்டாட்டியை ரேசுக்கு உட்டுட்டு நீ பின்னாடி ஸ்பேனர் தூக்கிட்டுப் போறியாமான்னு. இலையில கையை வெச்சுட்டு இருந்தேன். நான் நிதானமாத்தான் சொன்னேன். "அண்ணா, பிளாக் நம்மது. வேற எவனாச்சும் ஓட்டினா கண்டபடி முறுக்குவான். நம்மாளே ஓட்டினா பிளாக்குக்கு நல்லது"ன்னேன். அவ பக்கத்துப் பந்தியில பரிமாறீட்டு இருந்தா. எனக்கு ரெண்டாவது தடவை பாயசம் ஊத்தினா, நான் கேக்காமயே. எனக்குச் சக்கரை வியாதின்னு அவ ரெண்டாந்தடவை ஊத்தவே மாட்டா.

போட்டி சென்னைக்குப் பக்கத்துல. நெம்ப தூரமெல்லாம் ஓடறதில்லீங்க, கால் மைல் நேர் ரோடு. ரெண்டு வண்டி பக்கத்துல பக்கத்துல நிக்கும். விளக்கு மேலிருந்து கீழ எரிஞ்சு வரும், பச்சைக்கு எடுக்கோணும். எவன் மொதல்ல கோட்டைத் தாண்டறானோ அவன் அடுத்த சுத்துக்குப் போவான். தோத்தவன் மூட்டையைக் கட்டோணும்.

அன்னிக்கு வெயிலு பாருங்க, தாரு உருகுது. வசந்தாமணி ஒவ்வொரு சுத்தா ஜெயிச்சுட்டே வந்தா. நான் ஒவ்வொரு தடவையும் பிளாக்கைத் தொட்டுப் பாப்பேன். கீழ்ப்பாதி சிமெண்டு அடைச்சிருக்கறதால சூடு கூடத்தான் ஏறும். ஐஸ் கட்டியைத் துணியில சுத்திச் சுத்தி மேல வெச்சுட்டே இருந்தேன். அவளுக்கு அந்தச் சட்டைக்குள்ள எப்படி இருந்துச்சோ தெரியல, கேக்கல. அவளா ஒரு ஐஸ் துண்டை எடுத்துக் கழுத்துல வெச்சுக்கிட்டா.

பைனலுக்கு முந்தின சுத்துல எங்களுக்குப் பக்கத்து டென்ட்டுக்காரன் வண்டி ஓடுச்சு. பாதி தூரத்துல பிளாக் பொளந்துக்கிச்சு. அதை நான் காதுலயே கேட்டேன். துணி கிழியற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஒரு அடி. பிஸ்டனைப் பிடிச்சிருக்கற கம்பி ஒண்ணு பக்கவாட்டுல பிச்சுட்டு வெளிய வந்து, ஆயில் பூராவும் முன் சக்கரத்துக்கு அடியில போயிருச்சு. வண்டி சுத்திச் சுத்திப் போயித் தடுப்புல மோதி, லேசாத் தீ பிடிச்சுது. டிரைவர் எறங்கி நடந்து வந்துட்டான், கும்பிட வேண்டியதுதான். நாலு அடி நடந்துட்டு உக்காந்துட்டான். ஷூவைக் கழட்டறதுக்குக் கை வரல அவனுக்கு. வசந்தாமணி போயிக் கழட்டி விட்டுட்டு வந்தா.

நான் போயி அந்த பிளாக்கைப் பாத்தேன். ஸ்லீவ் போடாம வெச்சிருக்கறாங்க. அந்தச் சுவரு அத்தனை காத்துக்கு எப்படித் தாங்கும்? இதை அங்க நின்னவங்ககிட்ட நான் விளக்கமாச் சொன்னேன். நம்ம பிளாக்குல இது நடக்காதுன்னும் சொன்னேன்.

பைனல்ல எதிர்ல கொச்சிக்காரன். அவன் வண்டி நெம்ப வேகம். காலையிலிருந்து அவன் நேரத்தையே பாத்துட்டு இருந்த அஸ்வத் தம்பி, லேப்டாப்பைத் தொறந்து வெச்சுக்கிட்டு, "ங்ணா, முப்பது பவுண்டுல ஓடினா அவனைப் பிடிக்க முடியாது. முப்பத்தாறு வெக்கலாமா? பிளாக் தாங்குமா"ன்னான். சுத்தியும் ஆளுக. கோயமுத்தூர்ல இருந்து வந்தவங்க, திருப்பூர்ல இருந்து வந்தவங்க, எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. "தாங்கும்"னேன். சத்தமாத்தான் சொன்னேன்.

வசந்தாமணி தண்ணிக் கேன் மேல உக்காந்து, மடியில ஹெல்மெட்டை வெச்சுக்கிட்டு ஆரஞ்சுப் பழம் உரிச்சுட்டு இருந்தா. எந்திரிச்சு வந்து, "இங்க வாங்க"ன்னு டென்ட்டுக்குப் பின்னால கூப்பிட்டா. போனேன்.

"நெசமாத் தாங்குமுங்களா, இல்ல தாங்கோணும்னு உங்களுக்கு ஆசைங்களா?"

முப்பதுக்குத்தான் கணக்குப் போட்டது, ஆனா நான் எப்பவும் கூட வெச்சுத்தான் செய்யறவன், ஸ்லீவ் இத்தனை தடிமன், கேப்புக்குத் தகடு இருக்குதுன்னு விளக்கினேன். அவ பொறுமையாக் கேட்டா.

"அதெல்லாம் எனக்குத் தெரியுமுங்க. நான்தானே கூட நின்னேன். நீங்க என்னைப் பாத்து ஒருக்காத் தாங்கும்னு சொல்லுங்க. நான் போயி ஓட்டறேன்."

அவ்வளவுதான் கேட்டா. பயந்த மாதிரியெல்லாம் இல்லீங்க. கடைக்குப் போறேன், வேற ஏதாச்சும் வேணுமான்னு கேக்கற மாதிரிக் கேட்டா. கையில ஆரஞ்சுச் சொளை இருந்துச்சு, பாதியை எனக்குக் குடுத்தா. கையுறையில கட்டை விரல்கிட்டப் பிரிஞ்சிருந்த இடத்தைக் கறுப்பு நூல்ல தைச்சிருந்தா. நான் அதைப் பாத்தேன். அந்த பிளாக் தாங்கும் அம்மணி. இன்னிக்கும் சொல்றேன், தாங்கும். வாயைத் தொறந்தா வார்த்தை அதுதான். ஆனா ஆரஞ்சுப் பழம் வாயில இருந்துச்சு.

நான் டென்ட்டைச் சுத்தி முன்னால வந்தேன். அஸ்வத் தம்பிகிட்ட, "முப்பதே வெய்யி. தாங்காது"ன்னேன்.

"ங்ணா, இப்பத்தானே தாங்கும்னீங்க."

"இப்பத் தாங்காதுங்கறேன்."

அத்தனை பேரும் கேட்டுட்டு இருக்கறாங்க. திருப்பூர்க்காரன் ஒருத்தன் சிரிச்சே சிரிச்சான்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு நீங்க கேக்கலாம். வெயிலுங்க. நான் மறுபடி தொட்டுப் பாத்தேன், பிளாக் சூடு கொஞ்சம் கூட இருந்துச்சு. அந்தச் சூட்டுல இரும்பு ஒரு மாதிரி இருக்கும். வேற ஒண்ணும் இல்ல. வெயிலுதான் காரணம். இதை நீங்க அப்படியே எழுதிக்கலாம்.

பைனல் ஓடுச்சு. விளக்கு எறங்கி வருது. நான் வண்டியைப் பாக்கல, தரையைப் பாத்துட்டு சத்தத்தைக் கேட்டுட்டு இருந்தேன். பிளாக் சத்தம் கேட்டாப் போதும் எனக்கு. நல்லாத்தான் போச்சு. நிமிந்து பாத்தா எல்லாரும் குதிக்கறாங்க. ஜெயிச்சுட்டா.

எப்படி ஜெயிச்சான்னுதான் கேக்கோணும் நீங்க. கோட்டை அவ மொதல்ல தாண்டினா, நூல் அளவுல. ஆனா பெரிய போர்டுல ரெண்டு பேரு ஓடின நேரமும் வருமுங்க. அதுல பாத்தா கொச்சிக்காரன் வண்டிதான் வேகம். அது எப்படின்னா, அந்த நேரம் வண்டி நகந்ததுல இருந்துதான் கணக்கு. பச்சை விழுந்தவொடனே இவ நகந்துட்டா. அவன் ஒரு நொடி யோசிச்சு நகந்தான். அப்புறம் எவ்வளவு பறந்து வந்தும் அவனால பிடிக்க முடியல. அதாவது வண்டியால தோத்திருக்க வேண்டியது, ஓட்டினவளால ஜெயிச்சுது. மைக்குல ஒருத்தன் அதையே சொல்றான், இங்கிலீஷ்ல ஒருக்கா, தமிழ்ல ஒருக்கா.

இப்பப் புரியுதுங்களா என்ற நெலமை? முப்பத்தாறு வெச்சிருந்தா, நேரத்துலயும் நம்ம வண்டிதான் மொதல்ல வந்திருக்கும். போர்டுல அது இருந்திருக்கும். இப்ப என்னாச்சு? கொச்சிக்காரன் இன்ஜின் வேகமானது, வசந்தாமணி கெட்டிக்காரி, குழந்தைவேலு பிளாக் முப்பதுக்கு மேல தாங்காதுன்னு அவனே சொல்லிட்டான். இதுதான் ஊருக்குள்ள பேச்சு. அந்தத் திருப்பூர்க்காரன் பிளாக் ஒண்ணு எங்கிட்டக் குடுக்கறதா இருந்தான். வேற இடத்துக்குக் கொண்டு போயிட்டான்.

அவ வண்டியை விட்டு எறங்கி வந்தா. ஆளாளுக்கு அவளைப் பிடிச்சுட்டு நிக்கறாங்க. அவ அத்தனை பேரையும் விலக்கீட்டு எங்கிட்ட வந்து, "ஐஸ் இருக்குதுங்களா"ன்னா. குடுத்தேன். அவ கழுத்துல வெச்சுக்குவான்னு பாத்தா, துணியில சுத்திக் கொண்டு போயி பிளாக் மேல வெச்சுட்டு வந்தா. அது தேவையே இல்லீங்க. ஓட்டம்தான் முடிஞ்சு போச்சே.

திரும்பி வந்ததும் மொதல் வேலையா இன்ஜினைப் பிரிச்சேன். அந்த பிளாக் இந்த பெஞ்சு மேலதான் இருக்குது, எந்திரிச்சு வந்து பாருங்க. கையை உள்ள விட்டுப் பாருங்க. ஒரு கீறல் இருக்குதா? நாலு சிலிண்டரையும் அளந்தேன். செஞ்சு வெச்சப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்குது. ஒரு இழை கூட விரியல. முப்பத்தாறுக்குத் தாராளமா நின்னிருக்கும். இதை எங்க போயி யாருகிட்டச் சொல்றது? அஸ்வத் தம்பிகிட்டச் சொன்னேன். "சரிங்ணா, அக்கா நல்லா இருக்கறாங்கல்ல, அது போதும்"னான். நான் என்ன கேக்கறேன், அவன் என்ன சொல்றான் பாருங்க.

மனசுக்குள்ளயே வெச்சுட்டுக் கொஞ்ச நாள் இருந்தேன். சோறு எறங்கல. அவ பாத்துட்டே இருந்திருக்கறா போல. ஒரு நாள் சாப்பிட்டுட்டு இருக்கறப்ப, ரசம் ஊத்தீட்டே சொன்னா.

"அடுத்த போட்டிக்கு முப்பத்தாறு வெக்கச் சொல்லி அஸ்வத் தம்பிகிட்டச் சொல்லிட்டனுங்க. ஓட்டிக் காட்டிட்டாத் தீந்துச்சு. அப்புறம் ஒருத்தனும் பேச மாட்டான்."

"வேண்டாம்"னேன்.

"ஏனுங்க, தாங்காதா?"

"தாங்கும்."

"அப்புறம் என்ன"ன்னுட்டு அப்பளம் வெச்சா.

எனக்குச் சந்தோஷமா இருந்திருக்கோணும். என்ற பேருக்காகத்தானே அவ ஏறி உக்காரறேங்கறா. இருபது வருஷத்துக்கு மேலாச்சு கட்டிக்கிட்டு வந்து, எனக்காகன்னு அவ வாயைத் தொறந்து ஒண்ணு சொன்னது அன்னிக்குத்தான். ஆனா பாருங்க, அப்பளத்தைக் கையில வெச்சுட்டே உக்காந்திருந்தேன். அந்தக் கம்பி பிச்சுட்டு வந்த சத்தம் இருக்குதே, அது சும்மா சும்மா காதுல கேக்குது. அது வேற பிளாக்கு. ஸ்லீவ் போடாத பிளாக்கு. அது எனக்குத் தெரியும்.

குட்டி யானை சத்தம் கேக்குதுங்களா? அவதான். தெருமுனையில திருப்பறா. கொஞ்சம் கிட்ட வாங்க, ஒண்ணு சொல்றேன். இதை மட்டும் எழுத வேண்டாம்.

அந்த மூலையில தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கேன் பாருங்க. அது புது பிளாக். அதே சைசு, அதே அச்சு, வெளிய இருந்து பாத்தா வித்தியாசம் தெரியாது. சுவரு இன்னும் தடிமன். போல்ட்டு எல்லாம் ஒரு சைசு பெரிசு. கேப்புத் தகடு இதுல ரெண்டு மடங்கு. முப்பத்தாறு என்ன, அம்பது பவுண்டு காத்து அடிச்சாலும் ஆடாது. போட்டிக்கு முன்னாடி இன்ஜின் கட்டறப்ப இதை வெச்சுக் கட்டி உட்டுருவேன். பழசுதான் ஓடுதுன்னு எல்லாரும் நெனைச்சுக்கட்டும். பழசும் தாங்கும், அதுல சந்தேகமே இல்ல, அதை நீங்க பெரிசா எழுதிக்கங்க. இது சும்மா ஒரு இதுக்கு.

வசந்தாமணிக்குத் தெரியாது. டீசல் பிளாக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். நேத்துத் தார்ப்பாயைத் தூக்கிப் பாத்தா. கையை உள்ள விட்டு சுவரைத் தடவினா. "டீசல் பிளாக்கை இத்தனை பொறுமையாக் கடையறதை நான் பாத்ததே இல்லீங்க"ன்னுட்டு, தார்ப்பாயை இழுத்து மூடி, நாலு பக்கமும் சொருகி விட்டுட்டுப் போனா.

அவளுக்கு பிளாக்கைப் பத்தி என்னங்க தெரியும்.